ரிக் எம்மெட்: கனடா ராக் பற்றிப் பேசினால் ஏன் இவர் பெயர் வருவதே இல்லை?

இரவுஷிஃப்ட் (ஸ்கார்பரோ)

கனடா ராக் என்று யார் இழை தொடங்கினாலும் ரஷ், நீல் யங், பிரையன் ஆடம்ஸ் என்று மூன்று பெயரோடு கதை முடிந்துவிடுகிறது. எட்டு வருடமாக இந்த இணைய மன்றத்தில் இருக்கிறேன். ட்ரையம்ஃப் குழுவில் கிதார் வாசித்துப் பாடிய ரிக் எம்மெட் பெயரை என்னைத் தவிர ஒருவரும் எடுத்ததில்லை. சரி, நானே தொடங்கிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டொரன்டோவுக்கு வந்த புதிது, 1991 குளிர்காலம். பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் இரவு வேலை. தூணில் கம்பி சுற்றிக் கட்டிய ரேடியோ ஒன்று இருந்தது. கியூ107 தவிர வேறு எந்த நிலையத்தையும் அதில் வைக்க விடமாட்டார்கள். மெஷின்கள் ஓடத் தொடங்கினால் பாட்டில் பாதி காணாமல் போய்விடும். பேஸ் கேட்காது, டிரம்ஸ் மெஷின் சத்தத்தோடு கலந்துவிடும். மேல் ஸ்தாயியில் இருப்பது மட்டும் தப்பி வந்து காதில் விழும். அப்படி ஒரு நாள் தப்பி வந்த குரல், 'லே இட் ஆன் த லைன்'. ஆண் குரலா பெண் குரலா என்றுகூட முதலில் தெரியவில்லை. பக்கத்து மெஷினில் நின்ற நியூஃபவுண்ட்லாந்துக்காரரிடம் கேட்டேன். "ட்ரையம்ஃப்" என்றார். அடுத்த நாள் சாப்பாட்டுப் பையோடு ஒரு கேசட்டும் கொண்டுவந்து என் கையில் வைத்தார். 'அலைட் ஃபோர்சஸ்', 1981.

விடிகாலை மூன்று மணி இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் 'ஆர்டினரி மேன்' என்று ஏழு நிமிடப் பாட்டு, பெரிய ஆர்ப்பாட்டம். அது முடிந்ததும் தனியாக ஒரு நைலான் கம்பிக் கிதார். டிரம்ஸ் இல்லை, குரல் இல்லை, ஒன்றேகால் நிமிடம்தான். மனிதர் வேறு யாருடைய கேசட்டையோ நடுவில் பதிந்துவிட்டார் என்றே நினைத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 'பெட்டிட் எட்யூட்' என்று பெயர் போட்டிருக்கிறது. அதே ஆள்தான்!

அதற்குப் பிறகுதான் தேடிப் பிடித்துக் கேட்டேன். அனேகமாக ஒவ்வொரு தட்டிலும் இதே வேலையைச் செய்திருக்கிறார். 1979 'ஜஸ்ட் எ கேம்' தட்டில் 'ஃபேன்டசி செரனேட்'. 1980 'ப்ரோக்ரஷன்ஸ் ஆஃப் பவர்' தட்டில் 'ஃபிங்கர்டாக்கின்'. 'நெவர் சரண்டர்' தட்டில் 'எ மைனர் ப்ரெலூட்'. 1984 'தண்டர் செவன்' தட்டில் 'மிட்சம்மர்ஸ் டேட்ரீம்'. 1986இல் 'எம்ப்ரூஹோ'. காதைப் பிளக்கும் ஹார்ட் ராக் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஜன்னல்.

இவரைப் பற்றி இங்கே பேச்சே இல்லாததற்குக் காரணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ரஷ்வெறியன்

அண்ணே, மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். காரணம் ரொம்ப எளிது. ட்ரையம்ஃபும் ரஷ்ஷும் ஒரே ஊர், இரண்டிலும் மூன்று பேர், அதே உச்சக்குரல், ஆனால் ட்ரையம்ஃபில் ரஷ் அளவுக்குச் சரக்கு இல்லை. ரஷ் 1968லேயே தொடங்கிவிட்டது, ட்ரையம்ஃப் 1975இல். இரண்டாவதாக வந்தவனுக்கு இரண்டாம் இடம்.

நைலான் கிதார் விஷயமும் புதிதில்லை. யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ் 1971லேயே 'ஃப்ராஜைல்' தட்டில் 'மூட் ஃபார் எ டே' வாசித்துவிட்டார். வான் ஹேலனும் 1979இல் 'ஸ்பானிஷ் ஃப்ளை' போட்டார்.

நைலான்கம்பி

ஸ்டீவ் ஹவ் பாதிப்பு எம்மெட்டிடம் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். வான் ஹேலன் கணக்குதான் இடிக்கிறது. 1977இல் வந்த 'ராக் அண்ட் ரோல் மெஷின்' தட்டில் 'த சிட்டி' என்று மூன்று பகுதிப் பாட்டு இருக்கிறது. முதல் பகுதி இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் 'மார்ஸ்' இசையை எடுத்துக்கொண்டு போர் அணிவகுப்பு மாதிரி போகும். நடுப்பகுதிக்கு 'எல் டுவெண்டே அகோனிசான்டே' என்று ஸ்பானிஷ் பெயர், அதில் ஃபிளமெங்கோ வாசிக்கிறார். 'ஸ்பானிஷ் ஃப்ளை'க்கு இரண்டு வருடம் முந்தி.

இன்னொன்று, வாசிக்கிறவர்களுக்குத்தான் இது உறைக்கும். எலக்ட்ரிக் கிதாரில் கழுத்து ஒல்லி, கம்பிகள் நெருக்கம், கையில் கம்பியை மீட்டும் சின்ன வில்லை, ப்ளெக்ட்ரம். ஆம்ப்ளிஃபயர் சத்தமும் டிஸ்டார்ஷனும் சேர்ந்து ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக் கொடுக்கும், சின்னத் தடுமாற்றத்தை மூடியும் விடும். நைலான் கிதாரில் கழுத்து அகலம், தட்டை. தட்டின மறுநொடி ஸ்வரம் செத்துவிடும். அதைச் சாகவிடாமல் அடுத்த விரல் தாங்க வேண்டும், கட்டைவிரல் கீழே பேஸைத் தனியாக நடத்த வேண்டும், நகம் சரியான நீளத்தில் இருக்க வேண்டும். ஒளிய இடமே இல்லை. மேடையில் ப்ளெக்ட்ரத்தை வைத்துவிட்டு அடுத்த நிமிடம் இதற்கு மாறுவது என்பது லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் இறங்கி ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி.

பழையகேசட் (கோவை)

இழைக்கு நன்றி அண்ணே. எங்கள் பக்கம் ட்ரையம்ஃப் கேசட் கிடைத்ததே இல்லை. 90களில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்து டிடிகே 90 வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்குவோம். அப்படி ஒரு முறை ஒரு பழைய தட்டு கடைக்காரரிடம் இருந்தது, 'ஜஸ்ட் எ கேம்'. முழுசாகப் பதியச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 'ஃபேன்டசி செரனேட்' இல்லை. போய்க் கேட்டேன். "அதுல பாட்டே இல்ல தம்பி, வெறும் மியூசிக், டேப் வேஸ்ட்டுன்னு விட்டுட்டேன்" என்றார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகிற ரகம். அந்தத் துண்டை நான் முதன்முதலாகக் கேட்டதே யூடியூப் வந்த பிறகுதான்.

கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது. அடுத்து வருவது 'ஹோல்ட் ஆன்'. அதுவும் அக்கூஸ்டிக் கிதாரில்தான் தொடங்கும். அந்த செரனேட் இல்லாமல் 'ஹோல்ட் ஆன்' கேட்டால் திண்ணை இல்லாத வீட்டுக்குள் நேரே நுழைந்த மாதிரி இருக்கிறது. கடைக்காரர் என் திண்ணையை வெட்டிவிட்டார்.

ஒரு கேள்வி அண்ணே. அந்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தீர்களா இல்லையா?

ஸ்னேர்டிரம்

எல்லோரும் எம்மெட் எம்மெட் என்கிறீர்கள். கில் மூர் என்று ஒருவர் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடினார். யாராவது கவனித்தீர்களா? 'ராக் அண்ட் ரோல் மெஷின்' பாடினது அவர், 'அலைட் ஃபோர்சஸ்' பாடினது அவர், 'ஸ்பெல்பௌண்ட்' அவர். நான்கு கைகாலும் நான்கு வேலை பார்க்கும்போது தொண்டை ஐந்தாவது வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மிசிசாகாவில் மெட்டல்வொர்க்ஸ் ஸ்டுடியோவை வளர்த்ததும் அவர்தான். 1978இல் குழுவுக்கான இடமாகத் தொடங்கியது. 'அலைட் ஃபோர்சஸ்' அங்கேதான் பதிவானது. இன்று கனடாவின் பெரிய ஸ்டுடியோக்களில் ஒன்று.

இரவுஷிஃப்ட்

@ஸ்னேர்டிரம்: ஓம், மூரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உங்கள் பதிவிலேயே எம்மெட் கவனிக்கப்படாததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. ட்ரையம்ஃபுக்கு இரண்டு முகம். மூர் பாடினால் அது பீர் வாசனை அடிக்கும் நேர்கோட்டு ஹார்ட் ராக். எம்மெட் பாடினால் வானத்தைப் பார்க்கிற மாதிரி ஒன்று. ஒரே தட்டில் இரண்டும் மாறி மாறி வரும். ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டு தட்டு வாங்கினவனுக்கு "இது அந்தக் குழுதானா?" என்று சந்தேகம் வந்துவிடும். ரஷ்ஷில் கெடி லீ குரல் வந்த நொடியே தெரிந்துவிடும், இதில் அது இல்லை.

@ரஷ்வெறியன்: தம்பி, ஒரு தகவல். எம்மெட் பிறந்தது 1953 ஜூலை 10. உங்கள் ரஷ் கிதார்காரர் அலெக்ஸ் லைஃப்சன் அதே வருடம் ஆகஸ்ட் 27. ஏழு வாரம்கூட முழுதாக இல்லை இடைவெளி. இரண்டு பேரும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் கிளப்களில் வாசித்து வளர்ந்தவர்கள். முந்தி வந்தவன், பிந்தி வந்தவன் என்று பேசுவதற்கு இடம் அவ்வளவுதான். குழு தொடங்கின வருடத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்.

ரஷ்வெறியன்

பிறந்த தேதி தெரியாது, அது சுவாரசியம்தான். ஆனால் கனடா வானொலிச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். 1971இல் ஏஎம் நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 சதவீதம் கனடா இசையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நடுத்தரக் குழுக்கள் நிறைய அந்த நிழலில் வளர்ந்தவைதான். ட்ரையம்ஃபும் அதில் ஒன்று என்பது என் கட்சி.

நைலான்கம்பி

அந்த விதி அமெரிக்காவுக்குச் செல்லாதே! ட்ரையம்ஃப் முதலில் பெரிதாக எடுபட்டது டெக்சாஸில், சான் அன்டோனியோவில். அமெரிக்காவில் தட்டு வெளிவருவதற்கு முன்பே அந்த ஊர் ரேடியோக்காரர்கள் கனடாவிலிருந்து இறக்குமதியான தட்டை வைத்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். 1978இல் ராக் பாடகர் சாமி ஹாகர் வர முடியாமல் போன ஒரு நிகழ்ச்சிக்கு இவர்களைக் கூப்பிட்டார்கள், அரங்கம் கொண்டாடிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் வந்தது. எந்தச் சட்டமும் சொல்லாமல் டெக்சாஸ்காரன் காசு கொடுத்துக் கேட்ட குழு இது.

அப்புறம் 'அலைட் ஃபோர்சஸ்' அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் 23ஆம் இடம் வரை போய், பத்து லட்சம் தாண்டிப் பிளாட்டினமும் வாங்கியது. நடுத்தரக் குழு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ரஷ்வெறியன்

சரி சரி, டெக்சாஸை விட்டுக்கொடுக்கிறேன். நடுத்தரம் என்றது பாட்டு எழுத்தைத்தான். ரஷ்ஷுக்கு நீல் பியர்ட் எழுதின வரிகளோடு ஒப்பிட்டால் எம்மெட் வரிகள் எல்லாம் "நம்பிக்கையை விடாதே, போராடு" என்கிற போஸ்டர் வாசகம். அதை மறுக்க முடியாது.

இரவுஷிஃப்ட்

பாதி ஒப்புக்கொள்கிறேன். 'நெவர் சரண்டர்' மாதிரிப் பாட்டுகளில் வரிகள் கொஞ்சம் பள்ளிக்கூடச் சுவரில் எழுதினது மாதிரிதான். நானும் அந்த இடத்தில் கிதாரை மட்டும் கேட்பேன்.

ஆனால் 'மேஜிக் பவர்' அப்படியில்லை. ரேடியோவில் பாட்டுக் கேட்கும் ஒரு பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது, அதுதான் பாட்டு. மெதுவாக, அக்கூஸ்டிக் கிதாரோடு, பக்கத்தில் உட்கார்ந்து கதைக்கிற மாதிரித் தொடங்கும். பிறகு குழு முழுக்க வந்து சேரும். தூணில் கட்டின ரேடியோவில், ஒருவரோடும் கதைக்க இங்கிலீஷ் போதாத வயதில், அந்தப் பாட்டைக் கேட்டவன் நான். எனக்குத் தத்துவம் தேவைப்படவில்லை. வேறு யாரோ ஒருவனும் ரேடியோவை இப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது போதும்.

'சூட்கேஸ் ப்ளூஸ்' கேட்டிருக்கிறீர்களா? 'ஜஸ்ட் எ கேம்' தட்டின் கடைசிப் பாட்டு. ஊர் ஊராகப் போகிற இசைக்காரனின் ஹோட்டல் அறை வாழ்க்கை. ஜாஸ் சாயலில், ஆள் இல்லாத பாரில் மூடுகிற நேரத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும். அதில் வீரம் ஒரு சொட்டு இல்லை, அலுப்பு மட்டும்தான். 26 வயதுகூட ஆகாதவன் எழுதினது.

நெறியாளர்

ரஷ்ஷா ட்ரையம்ஃபா சண்டைக்கு 2019லேயே ஓர் இழை உண்டு, 400 பதிவு தாண்டி நான்தான் பூட்டினேன். இங்கே எம்மெட்டோடு நில்லுங்கள். நன்றி.

(தனிப்பட்ட முறையில்: மாக்ஸ் வெப்ஸ்டர் குழுவின் கிம் மிட்செலுக்கு ஒருவரும் இழை தொடங்காதது எனக்கு வருத்தம்.)

புதுக்காது

வணக்கம். நான் 2000க்குப் பிறகு பிறந்தவன், ராக் பக்கம் இப்போதுதான் வருகிறேன். இவரை எங்கிருந்து தொடங்கலாம்? தட்டு வரிசையாகக் கேட்கணுமா? 80களின் கீபோர்டு சத்தம் எனக்கு அலர்ஜி.

ஸ்னேர்டிரம்

தம்பி, முதலில் கண்ணால் பார். 1983 மே 29, கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ அருகே யுஎஸ் ஃபெஸ்டிவல். ஆப்பிள் ஸ்டீவ் வாஸ்னியாக் காசு போட்டு நடத்திய விழா. அன்று ஹெவி மெட்டல் நாள். க்வயட் ரயட், மாட்லி க்ரூ, ஓஸி ஆஸ்போர்ன், ஜூடாஸ் ப்ரீஸ்ட், ட்ரையம்ஃப், ஸ்கார்பியன்ஸ், வான் ஹேலன் என்று வரிசை. லட்சக்கணக்கில் கூட்டம், கொளுத்துகிற வெயில்.

ட்ரையம்ஃப் என்றாலே மேடையில் லேசர், நெருப்பு, விளக்குக் கூட்டம் என்று பெயர். அன்று பகல் வெளிச்சம். அந்த வித்தை எதுவும் எடுபடாது. மூன்று பேர் வெறுமனே வாசித்துப் பாட வேண்டும். எம்மெட் மேடையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடுகிறார், வந்து மைக்கைப் பிடித்ததும் மூச்சு வாங்காமல் அந்த உச்சத்தை எட்டுகிறார். எனக்கு மூர் பிடிக்கும் என்று மேலே சொன்னேன். ஆனாலும் அந்த வீடியோவில் கண் எம்மெட்டை விட்டு நகராது, உண்மையைச் சொல்லணும்.

பழையகேசட்

கீபோர்டு அலர்ஜி என்றால் 'த ஸ்போர்ட் ஆஃப் கிங்ஸ்' பக்கம் இப்போதைக்குப் போகாதே தம்பி. 'சம்பாடிஸ் அவுட் தேர்' அவர்களுடைய பாட்டுகளில் அமெரிக்கப் பட்டியலில் அதிக உயரம் போனது, 27ஆம் இடம். ஆனால் பளபளப்பு ஜாஸ்தி. என் காதுக்கு அதில் எம்மெட்டுக்கு மூச்சு முட்டுகிறது. அதே தட்டில் 'எம்ப்ரூஹோ' மட்டும் கேள், தாகம் தீரும்.

'தண்டர் செவன்' எடு. எடி கிராமர் தயாரிப்பு, ஹென்ட்ரிக்ஸுக்கு ஒலிப்பதிவு செய்த அதே கிராமர். இரண்டாம் பக்கத்தைக் காலம் என்கிற ஒரே பொருளைச் சுற்றிக் கோத்திருக்கிறார்கள். 'டைம் கோஸ் பை', பிறகு 'மிட்சம்மர்ஸ் டேட்ரீம்', பிறகு 'டைம் கேனன்'. அந்தக் கேனனில் வாத்தியமே இல்லை, குரல் மேல் குரல் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து அடுக்கிக்கொண்டே போகும். ஹார்ட் ராக் தட்டில் இதை வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். விற்பனைக்கு உதவாது என்று என் ரெக்கார்டிங் கடைக்காரருக்கே தெரியும்.

நைலான்கம்பி

'மிட்சம்மர்ஸ் டேட்ரீம்' பற்றி நான் கொஞ்சம் புலம்பியே தீர வேண்டும். இரண்டு வருடமாக வாசிக்க முயற்சி செய்கிறேன். ஸ்டுடியோ வடிவத்தையும் 1985 'ஸ்டேஜஸ்' மேடைப் பதிவையும் அக்கம்பக்கமாக வைத்துக் கேட்டேன். மேடையில் அந்த அரங்கம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த கூட்டம், அவர் தனியாக ஒற்றைக் கிதாரோடு நிற்கும்போது அடங்குகிறது, வேகமான இடம் வந்ததும் திரும்ப எழும்புகிறது. இடையில் கம்பியை மெல்ல மீட்டுகிற இடத்துக்கும் கை முழுக்க விசிறி அடிக்கிற இடத்துக்கும் நடுவில் விடுகிறாரே ஒரு சின்ன இடைவெளி, அது எனக்கு இன்னும் வரவில்லை. விரல் வந்துவிடும், பொறுமை வராது.

என் மாணவன் ஒருவன் வேகமான பகுதியை ஒரு மாதத்தில் பிடித்துவிட்டான். தொடக்கத்தை வாசிக்கச் சொன்னால் ஓடுகிறான். பஸ் போய்விடுமா என்று கேட்டேன்.

ரஷ்வெறியன்

சண்டை போட வரவில்லை, நெறியாளர் மன்னிக்கவும். இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தேடினேன். 80களில் 'கிதார் பிளேயர்' பத்திரிகையோடு வந்த ஒரு மெல்லிய தட்டில் 'பியாண்ட் பார்டர்ஸ்' என்று ஒரு துண்டு இருக்கிறது. எம்மெட்டோடு வாசித்தவர்கள் யார் தெரியுமா? கிளாசிக்கல் கிதாருக்கு லியோனா பாய்ட், ஜாஸ் கிதாருக்கு எட் பிக்கர்ட், அப்புறம் எங்கள் அலெக்ஸ் லைஃப்சன். நான்கு கனடாக்காரர்கள், நான்கு திசை.

2016இல் எம்மெட் 'ஆர்இஎஸ் 9' தட்டு போட்டபோதும் லைஃப்சன் வந்து வாசித்திருக்கிறார். அவர்கள் இரண்டு பேருக்கும் பிரச்சினையே இல்லை போலிருக்கிறது, நமக்குத்தான்.

இரவுஷிஃப்ட்

அதைத்தான் சொல்ல வந்தேன் தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அந்த நான்கு பேரில் மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு அறை உண்டு. பாய்ட் என்றால் கிளாசிக்கல், பிக்கர்ட் என்றால் ஜாஸ், லைஃப்சன் என்றால் ரஷ். எம்மெட் நான்கு அறைக்கும் போய் வருகிற ஆள். எந்த அறையின் கதவிலும் அவர் பெயர்ப் பலகை இல்லை. ட்ரையம்ஃபை விட்டு 1988இல் வெளியேறின பிறகு இது இன்னும் கூடிப்போனது. 1990இல் 'அப்சல்யூட்லி', அது வழக்கமான மெலடி ராக், கனடா ரேடியோவில் நன்றாகவே ஓடியது. அதே வழியில் போயிருக்கலாம். 90களின் பிற்பாதியில் சொந்த லேபிள் தொடங்கி ஒரு தட்டு தனிக் கிதார், ஒன்று ஜாஸ், ஒன்று ப்ளூஸ் என்று போட்டார். பிறகு டேவ் டன்லப்போடு இரண்டு அக்கூஸ்டிக் கிதார் மட்டும் வைத்து ஊர் ஊராகப் போனார். கடையில் எந்த அடுக்கில் இவருடைய தட்டை வைப்பது என்று கடைக்காரனே குழம்பியிருப்பான்.

கூடவே ஹம்பர் கல்லூரியில் பல வருடம் பாட்டு எழுதவும் இசைத் தொழில் நடத்தவும் சொல்லிக் கொடுத்தார். வெறும் நட்சத்திரமாக இருந்திருந்தால் புகழ் கூடியிருக்கும். வாத்தியார் வேலைக்கு யார் கைதட்டுகிறார்கள்!

ஸ்னேர்டிரம்

பிரிவு பற்றியும் சொல்லுங்கள். 1988இல் போன மனிதர் இருபது வருடம் மூர், பேஸ் வாசித்த லெவீன் இரண்டு பேரோடும் மேடை ஏறவில்லையே. அவர்கள் 1990களில் வேறு கிதார்காரரை, பில் எக்ஸை, வைத்து ஒரு தட்டு போட்டுப் பார்த்தார்கள். பிற்பாடு பான் ஜோவியில் வாசித்த அதே பில் எக்ஸ். கிதார் குறை சொல்ல முடியாது, ஆனால் ட்ரையம்ஃப் மாதிரி இல்லை.

இரவுஷிஃப்ட்

உள் விவகாரம் எனக்கு எதற்கு? காசு, களைப்பு, திசை என்று எல்லாக் குழுவுக்கும் உள்ளதுதான். 2008இல் கனடா இசைப் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள், அதே வருடம் ஸ்வீடன் ராக் விழாவிலும் ஒக்லஹோமாவிலும் மூன்று பேரும் சேர்ந்து வாசித்தார்கள். எனக்கு அது போதும். வயது ஏறின குரல்தான், ஆனால் மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. அதைப் பார்க்கும்போது யார் யாரிடம் என்ன சொல்லிப் பிரிந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

புதுக்காது

இரண்டு நாளாகக் கேட்கிறேன். முதல் நாள் ஒரு முட்டாள்தனம் செய்தேன். 'அலைட் ஃபோர்சஸ்' முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தேன், 'பெட்டிட் எட்யூட்' வந்ததும் ஆப் ஏதோ விளம்பரம் போடுகிறது என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். அப்புறம் இந்த இழை ஞாபகம் வந்து திரும்பப் போனேன்.

நைலான்கம்பி அண்ணா சொன்ன "ஒளிய இடமே இல்லை" இப்போது புரிகிறது. நான்காவது தடவைதான் மேலே பாட்டு மாதிரி ஒன்றும் கீழே நடை மாதிரி ஒன்றும் தனித்தனியாகப் போவது காதில் பிரிந்தது. இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று தேடிப் பார்த்தேன். ஒரே ஆள்.

யுஎஸ் ஃபெஸ்டிவல் வீடியோவை அப்பாவோடு பார்த்தேன். அவருக்கு ராக் ஆகாது. "இந்தப் பையன் தொண்டைய பத்திரமா பாத்துக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பழையகேசட்

உங்கப்பா பெரிய ரசிகர் தம்பி, அவருக்கே தெரியவில்லை.

இரவுஷிஃப்ட் அண்ணே, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கேசட்?

இரவுஷிஃப்ட்

நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

திருப்பிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று இல்லை. முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் என்று இழுத்தது. அவரும் கேட்கவில்லை. நடுவில் வேறு இரண்டு கேசட்டும் தந்தார், அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இதை மட்டும் "இன்னும் கொஞ்ச நாள்" என்றேன். சிரித்தார். 1993 வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை கேசட்டைச் சாப்பாட்டுப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மெஷினில் வேறு ஆள் நின்றான். வெள்ளிக்கிழமை முடிந்து போகும்போது பதினொரு பேரை நிறுத்தியிருக்கிறார்கள், அவரும் அதில் ஒருவர். வாரம் முழுக்கப் பையிலேயே வைத்துக்கொண்டு போய் வந்தேன், சம்பளப் பாக்கி ஏதாவது வாங்க வருவார் என்று. வரவில்லை. ஊருக்கே திரும்பிப் போய்விட்டார் என்று பிறகு ஒருவன் சொன்னான்.

இப்போது அதைப் போட்டுக் கேட்க வீட்டில் டெக் இல்லை. பெட்டியின் மூடி ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. கடைசியாகப் போட்டபோது 'ஆர்டினரி மேன்' நன்றாக ஓடியது, 'பெட்டிட் எட்யூட்' வரும் இடத்தில் சத்தம் மங்கி, தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. அந்த இடத்தை மட்டும் அத்தனை தடவை பின்னுக்குச் சுற்றியிருக்கிறேன்.